கால் சங்கிலி

“நேத்து நம்ம கோபுரத்த நான்தான் கையப் புடிச்சு நடத்திக் கூட்டிட்டு வந்தேன், பாய்,” என்றார் கூலியாட்களின் மேஸ்திரியான மண்டோர் செல்லக்கண்ணு. “பாதி வழியில நின்னு அடம் புடிச்சுது. அவிச்ச கடலை வாங்கிக் குடுத்தப்புறம்தான் அடுத்த காலத் தூக்கி வச்சுது.”

கிராணி அஹமது கபீர் விரித்த குடையை மடக்கவில்லை. மழையும் இல்லை, வெயிலும் இன்னும் ஏறவில்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு இப்படியொரு பேச்சு தலையில் விழும்போது மேலே எதையாவது பிடித்துக்கொண்டிருப்பது நல்லதுதான்.

எதிரே, சிங்கப்பூரின் காலாங் ஆற்றங்கரையில், மின்சாரக் கம்பெனியின் இரும்புக் கோபுரம் அறுபதடி உயரத்துக்கு நின்றது. நிற்பதில் தப்பில்லை. நிற்கும் இடத்தில்தான் வில்லங்கம். சனிக்கிழமை சாயங்காலம் கபீர் சாமான் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் போனபோது, அந்தக் கோபுரம் கொட்டகை ஜன்னலுக்கு நேராக ஒரு தென்னை மரத்தை மறைத்துக்கொண்டு நின்றது. திங்கட்கிழமையான இன்று தென்னை மரம் முழுசாகத் தெரிந்தது. கோபுரம் கிழக்கே தள்ளி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி, வேறோர் இடத்தில் நின்றது.

“செல்லக்கண்ணு, வெளையாடாதே.”

“வெளையாட்டில்ல, பாய். அக்கரையில நிக்குதே, அதுக்கு மூணு கால். அத நடக்கச் சொன்னா நொண்டும். நம்மளுது நாலு கால். ராஜநடை.”

கபீரைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நாகூரில் பிறந்து, இருபது வயதில் கப்பலேறி, சிங்கப்பூரில் இருபத்தெட்டு வருஷமாகக் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிறவர். தன் நிழல் தன்னோடு வருகிறதா, தன்னை வேவு பார்க்கிறதா என்று சிராங்கூன் ரோட்டில் மூன்று தடவையாவது திரும்பிப் பார்க்காமல் அவர் நடந்ததில்லை. வீட்டில் மீன் குழம்பு வைத்தால், தலையையும் வாலையும் சேர்த்துப் பார்த்து, நடுவில் இருக்க வேண்டிய துண்டு எங்கே என்று மனைவி ஜைனபைக் கேட்பார். ட்ராம் வண்டி ஓட ஆரம்பித்து மூன்று வருஷமாகியும் அவர் அதில் ஏறவில்லை. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி நகர்ந்தால், யாரோ எங்கேயோ ஒளிந்துகொண்டு தள்ளுகிறார்கள் என்பது அவர் கட்சி. இத்தனைக்கும் சம்பளம் கொடுப்பது மின்சாரக் கம்பெனி.

இந்தக் கோபுரத்தின் மேல் அவருக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது அது. மூலை மடித்த இரும்புச் சட்டங்கள், குறுக்கே போடும் பட்டைகள், மூட்டை மூட்டையாகத் திருகாணிகள். பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு படம் ஒட்டியிருந்தது. அதே நாலு கால், அதே குறுக்குப் பட்டை. ஆனால் உச்சியில் பெரிய காற்றாடிச் சக்கரமும் மீன் வால் மாதிரி ஒரு வாலும் இருந்தன. கீழே தொட்டியில் ஒரு பசுமாடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பெட்டிகளிலோ சக்கரமும் இல்லை, வாலும் இல்லை. மாடு வராததைக்கூட அவர் மன்னித்தார். சக்கரத்தை யாரோ அடித்துவிட்டார்கள் என்று முடிவு செய்து, சீனர்களின் காய்கறித் தோட்டங்களில் எங்காவது அது சுற்றுகிறதா என்று பன்னிரண்டு நாள் அலைந்தார். செல்லக்கண்ணுவின் பின்னாலேயே மரத்துக்கு மரம் ஒளிந்து போனார். செல்லக்கண்ணு இரண்டு மரத்துக்கு ஒரு தரம் நின்று, “வெயிலா இருக்கு, குடைய விரிச்சுக்குங்க, பாய்,” என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு நடந்தார்.

கடைசியில் இஞ்சினியர் துரைதான் விளக்கினார். இதைச் செய்கிறவன் காற்றாலைக்காரன். பண்ணைகளில் தண்ணீர் இறைக்க அவன் செய்து வைத்திருந்த கோபுரம் இது. மின்சாரக்காரர்கள் போய், கம்பி தாங்க உயரமான கால் வேண்டும் என்று கேட்டபோது, தலையைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை மட்டும் விற்றான். மரக் கம்பம் என்றால் இங்கே கரையான் இரண்டே வருஷத்தில் தின்றுவிடும். ஆற்றைத் தாண்டும் கம்பியோ தொங்காங் படகுகளின் பாய்மரத்துக்கு மேலே போக வேண்டும். அவ்வளவு உயரத்தில் கெட்டியான கம்பத்தை நட்டால் காற்று அதோடு மல்லுக்கட்டும். இதில் அங்கமெல்லாம் ஓட்டை, அதனால் காற்று சண்டைக்கு ஆள் கிடைக்காமல் உள்ளே புகுந்து வெளியே போய்விடும். மூன்று காலிலும் செய்கிறான், நாலு காலிலும் செய்கிறான். அக்கரைக்கு மூன்று கால், இக்கரைக்கு நாலு கால்.

கபீர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சந்தேகத்தை மட்டும் சக்கரத்திலிருந்து எடுத்துத் திருகாணிகளின் மேல் வைத்தார். ஏனென்றால் துரை கண்டிப்பாக ஒன்று சொல்லியிருந்தார். கோபுரத்தைத் தரையில் படுக்க வைத்துப் பூட்டி, ஒவ்வொரு திருகாணியையும் அவரே சின்னச் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டுச் சரிபார்த்தாயிற்று. இனிமேல் அவர் இல்லாமல் ஒரு திருகாணியை யாராவது அவிழ்த்தால் மண்டோரும் அவர் ஆட்களும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆற்றுக்கு மேலே ஓடப்போவது உயிரைக் குடிக்கும் கம்பி. அவிழ்த்துப் பூட்டிய கோபுரத்தை நம்பி அதைத் தொங்கவிட முடியாது.

அந்தத் துரை பினாங்குக்குப் போய் இன்றைக்குப் பத்தாவது நாள். மூன்று மணிக்கு அவர் கப்பல் வருகிறது. நாளைக்குச் சிமிட்டி கரைத்துக் கோபுரத்தின் காலில் ஊற்ற வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம்தான் கபீருக்கு அளந்து பார்க்கும் எண்ணம் வந்தது. துரை எழுதிவிட்டுப் போன சீட்டை எடுத்துப் பார்த்து, அளவு நாடாவைப் பிடித்தார். ஆற்றோரத்து முளையிலிருந்து கோபுரத்தின் நடு மையம் பதினாறரை அடி கிழக்கே இருக்க வேண்டும். ஆறே அடியில் இருந்தது.

“தப்பு. இன்னும் பத்தரை அடி கெழக்க இருக்கணும்,” என்றார் செல்லக்கண்ணுவிடம். “திங்கக்கெழம தொரை வரட்டும். முளையப் புடுங்கி நட்டது யாரு, எதுக்கு, எல்லாம் வெளிய வரும்.”

செல்லக்கண்ணு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“எதுவா இருந்தாலும் தொரைகிட்டச் சொல்லு.” குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை கம்போங் கிளாமில் ஒரு நிக்காஹ். பிரியாணியில் ஆடுதான் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதிலேயே பகல் போய்விட்டது.

இப்போது மறுபடியும் நாடாவைப் பிடித்தார். பதினாறரை அடி. ஒரு நெல் முனை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சரியாக இருந்ததால்தான் அவருக்குச் சந்தேகம் முற்றியது. தப்பு என்றால் மனிதன் செய்வான். இவ்வளவு சரியாகத் திருடன்தான் செய்வான்.

நேற்று ஒரே பகலில் அவிழ்த்து, தூக்கி வைத்து, மறுபடி பூட்டியிருக்கிறார்கள். வேறு என்ன இருக்க முடியும்?

சாட்சிக்கு முதலில் பூவம்மாவிடம் போனார். ஆற்றங்கரைப் பாதையில் சாக்கு விரித்து, அவித்த கடலையும் சுண்டலும் விற்கிறவள் அவள். காக்கை உட்கார்ந்தாலும் எத்தனை மணிக்கு உட்கார்ந்தது என்று சொல்வாள்.

“பூவம்மா, நேத்து இங்க என்ன நடந்துச்சு?”

“கோபுரம் நடந்துச்சு, பாய்.”

“அதக் கேக்கல. என்ன நடந்துச்சுன்னு கேட்டேன்.”

“அதத்தான் நானும் சொல்றேன். கோபுரம்.”

“ஏம்மா, நடந்ததச் சொல்லுன்னா...”

“நடந்தது கோபுரம்தான், பாய். வேற யாரும் நடக்கல. நானெல்லாம் உக்காந்துதான் இருந்தேன்.” கடலைப் பானையைத் துடைத்துக் கவிழ்த்தாள். “நேத்து யாவாரம் மதியத்துக்குள்ள முடிஞ்சு போச்சு. மண்டோர் மொத்தமா வாங்கிட்டாரு.”

கபீர் அதை மனசில் குறித்துக்கொண்டார். மண்டோர் சொன்ன கடலை இவள் வாயிலும் வருகிறது. பேசி வைத்திருக்கிறார்கள்.

அடுத்து மருதப்பன். செல்லக்கண்ணுவின் எட்டு ஆட்களில் வாயில்லாதவன் அவன்தான். அவனைத் தனியாகக் கொட்டகைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“கையக் காட்டு.”

காட்டினான். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து சிவந்திருந்தன.

“ஸ்பேனர் புடிச்ச கையா?”

“கயிறு புடிச்ச கைங்க.”

“யாரு என்ன சொல்லச் சொன்னாங்க?”

“யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. கோபுரத்து உச்சியில கட்டுன கயிறு. சாயாம நாங்க நாலு பக்கமும் இழுத்துப் புடிச்சோம். வலப்பக்கத்து ரெண்டு காலு மொதல்ல ஒரு சாண். அப்புறம் இடப்பக்கத்து ரெண்டு காலு ஒரு சாண். வலப்பக்கம் பதினாலு எட்டு, இடப்பக்கம் பதினாலு எட்டு.”

“நடுவுல நின்னுச்சாமே.”

மருதப்பன் தலையைக் குனிந்தான். “அது... நான்தாங்க. வெடியக்காலம் புடிச்ச கயிறு. பசிக்குது, கடலையாச்சும் குடுத்தாத்தான் புடிப்பேன்னு உக்காந்துட்டேன். நான் உக்காந்தா கோபுரமும் நிக்கத்தானே வேணும்?”

கபீர் அவனை அனுப்பிவிட்டு யோசித்தார். மூன்று பேர், மூன்று வாய், ஒரே கதை. உண்மை என்றால் ஆளுக்கொரு மாதிரி சொல்லியிருப்பார்கள். இவ்வளவு ஒற்றுமையாக வந்தால் அது ஒத்திகை. அதிலும் இந்தப் பதினாலு எட்டு ரொம்பக் கச்சிதம். யார் எண்ணச் சொன்னார்கள்?

தரையைப் பார்த்தார். சனிக்கிழமை பெய்த மழையில் ஊறிய மண். கோபுரத்தின் பழைய இடத்திலிருந்து புது இடம்வரை சதுரம் சதுரமாகத் தடம். ஒவ்வொரு காலுக்கும் அடியில் இருக்கும் இரும்புப் பாதத்தின் தடம். நடுவில் திருகாணித் துளை தொப்புள் மாதிரி பதிந்திருந்தது. குனிந்து எண்ணினார். வலப்பக்கம் பதினாலு, இடப்பக்கம் பதினாலு. வலது கொஞ்சம் முன்னால், இடது கொஞ்சம் பின்னால், கோயில் யானை நடந்து போன மாதிரி. பக்கத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கிய பலகைகளின் தடமும் இருந்தது.

“எக்ஸ்ட்ரா பாதம் ஒண்ண வச்சு மண்ணுல குத்திக்கிட்டே போனீங்களா?” என்றார் நிமிர்ந்து.

பின்னால் வந்து நின்ற செல்லக்கண்ணு சிரிக்கவில்லை. காலையிலிருந்த குஷியெல்லாம் முகத்தைவிட்டுப் போயிருந்தது.

“பாய், நீங்க தொரைகிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

“அவுத்துப் பூட்டினதாச் சொல்லுவேன்.”

“சொன்னா எட்டுப் பேரு நாளைக்குச் சோத்துக்கு இல்லாம நிப்பான். நான் ஒம்பதாவது. மருதப்பன் சம்சாரம் மாசமா இருக்கா.”

“முளைய மாத்தும்போது அது தெரியலையா?”

“முளைய யாரும் தொடல, பாய். நீங்க சொன்னபடிதான் வச்சேன்.”

“நானா?”

“புதங்கெழம இதே எடத்துல நின்னு சீட்டப் படிச்சு என்ன சொன்னீங்க? ‘முளையிலேர்ந்து கெழக்க, கால் சங்கிலி தள்ளி வை’ன்னீங்களா இல்லையா?”

“ஆமா. கால் சங்கிலி.”

“வச்சேன்.” செல்லக்கண்ணு கொட்டகை வாசலிலிருந்து கனமான ஒரு சங்கிலியை இழுத்து வந்து அவர் முன்னால் போட்டார். சிமிட்டி காயும்வரை கோபுரத்தின் பாதத்தை முளையோடு கட்டி வைக்க, பெட்டியோடு வந்த சங்கிலி. காலுக்கு ஒன்றாக நாலு. “இதான கால் சங்கிலி? முளையில ஒரு முனைய வச்சு இழுத்தேன். ஒத்தச் சங்கிலி தூரம். ஆறடி.”

கபீர் சங்கிலியைப் பார்த்தார். பிறகு கோபுரத்தின் காலைப் பார்த்தார். பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆற்றைப் பார்த்தார்.

நிலம் அளக்கிறவர்களின் சங்கிலி அறுபத்தாறு அடி. துரை எழுதியது அதில் நாலில் ஒரு பங்கு. அதைத் தமிழில் கால் சங்கிலி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? சொன்னவர் கணக்குக் கால் சொன்னார். கேட்டவர் நடக்கிற கால் கேட்டார். நாலு காலுக்கு நாலு சங்கிலியை அமெரிக்காக்காரன் வேறு பொறுப்பாக அனுப்பி வைத்திருந்தான்.

சனிக்கிழமை அந்த ஆள் சொல்ல வாயெடுத்தது இதைத்தான்.

ஆக, தப்பு கொட்டகைக்குள்ளேயே இருந்திருக்கிறது. தன் வாய்க்குள்ளேயே. துரைக்குத் தெரிந்தால் இருபத்தெட்டு வருஷத்துக் கிராணி வேலை என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்தார். உடனே கூடவே இன்னொரு யோசனையும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. இவர்கள் அவிழ்த்துப் பூட்டியதாகச் சொன்னால் போதும். ஒன்பது பேரும் இன்றைக்கே போய்விடுவார்கள். கால் சங்கிலி என்று சொல்ல அப்புறம் இங்கே ஒரு வாய் இருக்காது.

அந்த யோசனை ரொம்ப மரியாதையாக, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நல்ல ஆள் மாதிரி வந்தது. அதனாலேயே கபீருக்கு அதன் மேல் சந்தேகம் வந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனிதருக்குத் தன் மனசைச் சந்தேகப்பட அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்த்தது. யாருக்காகவாவது பொய் சொல்லுகிறானா என்று அடுத்தவனை முறைத்துப் பார்ப்பது போலத் தன்னையே உள்ளுக்குள் முறைத்துப் பார்த்தார். முகம் சரியில்லை.

“அவுத்தீங்களா, இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்,” என்றார். “அதுக்கு ஒரு வழி இருக்கு.”

யாருக்கும் தெரியாத வழி. கோபுரம் தரையில் படுத்திருந்த நாட்களில், எல்லோரும் சோற்றுக்குப் போன நேரம் பார்த்து, பச்சைச் சாயக் குப்பியை எடுத்துக்கொண்டு கபீர் ஒவ்வொரு திருகாணியின் தலையிலும், பாதி மரைமேலும் பாதி ஆணிமேலும் படும்படி, பெருவிரலால் ஒரு பொட்டு வைத்திருந்தார். யாராவது ஒரு நூல் திருப்பினாலும் பொட்டு இரண்டாகப் பிளந்துவிடும். மூன்று மத்தியானம் பட்டினி கிடந்து செய்த காரியம். அடியிலிருந்து உச்சிவரை ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

கீழே கைக்கு எட்டிய பொட்டுகளைப் பார்த்தார். ஒன்றும் பிளக்கவில்லை. ஆனால் கீழே எட்டுவதை மண்டோர் பார்த்திருப்பார், அதனால் பத்திரமாக விட்டிருப்பார். கழற்றுகிறவன் மேலேயிருந்துதானே கழற்றுவான்?

குடையைக் கீழே போட்டுச் செருப்பைக் கழற்றினார். கைலியைத் தூக்கி முடிந்தார். தொப்பியை அழுத்திக்கொண்டார். ஒரு காலோடு சேர்த்து ஏணிப்படி மாதிரி அடித்திருந்த கம்பிகளில் முதல் கம்பியைப் பிடித்தார்.

“பாய், பாய், என்ன இது? நான் மேல போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

“நீ சொல்றத நம்புறதுக்கா நான் இவ்ளோ தூரம் ஏறுறேன்?”

மாடிப்படியிலேயே சுவரைத் தடவிக்கொண்டு இறங்குகிற மனிதர் அவர். பத்தடியில் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். இருபதடியில் கொட்டகையின் கூரை தெரிந்தது. அதில் ஓர் ஓடு காணோம், யார் எடுத்தது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பத்தடி ஏறினார். ஒவ்வொரு மூட்டிலும் பச்சைப் பொட்டு முழுசாக இருந்தது. நாற்பதடியில் காற்று கைலியைக் கொடி மாதிரி ஆட்டியது. கீழே பூவம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஐம்பதடியில் கண்ணை மூடினார். மூடினால் பொட்டுத் தெரியாது என்பதால் திறந்தார்.

உச்சியிலிருந்து தேக்காவின் மாட்டுக் கொட்டில்களும் சிராங்கூன் ரோட்டு ட்ராமும் துறைமுகத்துக் கப்பல்களும் ஜோகூர்க் காடும் தெரிந்தன. இன்னும் பத்தடி இருந்திருந்தால் நாகூர் மினாராவும் தெரிந்திருக்கும் என்று பின்னாளில் அவரே சொல்வார். அன்றைக்கு அவர் பார்த்தது ஒன்றே ஒன்று. கடைசித் திருகாணியின் தலையில், காய்ந்த பச்சைச் சாயத்தில், அவருடைய பெருவிரல் ரேகை. சுழி கலையாமல் அப்படியே இருந்தது.

ஒருவரும் தொடவில்லை. இதை அவிழ்க்காமல் நகர்த்தியிருக்கிறார்கள். அறுபதடியையும் நிற்க வைத்தபடியே.

இறங்கலாம் என்று காலைக் கீழே விட்டார். கம்பி அகப்படவில்லை. கால் காற்றில் துழாவியது. இரண்டு கையாலும் கோபுரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

“பாய்,” கீழேயிருந்து செல்லக்கண்ணுவின் குரல் வந்தது. கூச்சல் இல்லை, குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரிக் குரல். “கீழ பாக்காதீங்க. எனக்குக் காது குடுத்தாப் போதும். வலது கால். ஒரு சாண் எறக்குங்க. இன்னும் கொஞ்சம். வச்சாச்சா? நில்லுங்க. மூச்சு விடுங்க. இப்ப இடது கால்.”

வைத்தார்.

“வலது. ஒரு சாண். நில்லுங்க. இடது.”

எட்டு ஆட்களும் கீழே வட்டமாக நின்று, தங்களை அறியாமல், நேற்றுக் கயிறு பிடித்த மாதிரியே கைகளை முன்னால் வைத்திருந்தார்கள். செல்லக்கண்ணு ‘வலது’ என்றால் நாலு பேர் லேசாகச் சாய்ந்தார்கள். ‘இடது’ என்றால் மற்ற நாலு பேர். பாதி வழி வந்ததும் கபீரின் கால் மறுபடி நின்றது.

“அடம் புடிக்காதீங்க, பாய். கடலை தீந்து போச்சு.”

கம்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கபீர் சிரித்துவிட்டார். அந்தக் குரல் நேற்று என்ன செய்திருக்கும் என்று அவருக்கு அங்கேயே, முப்பதடி உயரத்திலேயே, தெரிந்துபோனது. தன்னையே இறக்கிக் கொண்டுவருகிற குரல் இரும்பை ஏன் நடத்தாது?

கடைசிக் கம்பியிலிருந்து காலைத் தரையில் வைத்துத் திரும்பினால், எதிரே வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக இஞ்சினியர் துரை நின்றுகொண்டிருந்தார். கப்பல் முன்னாடியே வந்துவிட்டது. கிராணி ஏன் கோபுரத்தின் மேல் இருக்கிறார் என்ற கேள்வி அவர் முகத்தில் இருந்தது. ஆனால் அவர் கண் அதற்குள் தரைக்குப் போய்விட்டது. பழைய இடத்தின் குழிகள், புது இடம்வரை சதுரத் தடங்கள். முகம் இறுகியது.

மண்டோருக்கு இங்கிலீஷ் தெரியாது. துரைக்குத் தமிழ் தெரியாது. நடுவில் இருந்தது கபீரின் நாக்கு ஒன்றுதான்.

இது அவிழ்க்கப்பட்டதா என்று துரை அவரிடம் கேட்டார். இல்லை என்றார் கபீர். ஒரு திருகாணிகூடத் தொடப்படவில்லை, ஒவ்வொன்றிலும் என் விரல் அடையாளம் இருக்கிறது, மேலேபோய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்றார். அளவைத் தமிழில் சொன்னது நான், தப்பாக விளங்கும்படி சொன்னதும் நான் என்பதையும் சொன்னார். சொல்லும்போது குடை கையில் இல்லாதது ஒரு மாதிரியாக இருந்தது.

அப்படியானால் இது எப்படி இங்கே வந்தது என்று துரை கேட்டார்.

தமிழில் என்றால் ‘நடந்தது’ என்ற ஒரே சொல் போதும். காலையில் பூவம்மா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். இங்கிலீஷில் அது இரண்டு சொல்லாகப் பிரிந்துவிடுகிறது. ஒன்று, ஏதோ காரியம் நிகழ்ந்தது என்பதற்கு. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். யாரும் பைத்தியம் என்று நினைக்க மாட்டார்கள். இன்னொன்று, காலால் நடப்பதற்கு. ஒன்பது பேரும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது சொல்லைச் சொன்னார்.

துரை அவரை உற்றுப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு சதுரத் தடத்துக்குள் தன் பூட்ஸ் காலை வைத்தார். அடுத்ததில் அடுத்த காலை. வலது, இடது, வலது, இடது என்று பதினாலு எட்டும் வைத்துக் கோபுரத்தின் காலடிக்குப் போய்ச் சேர்ந்து, சின்னச் சுத்தியலை எடுத்து ஒரு திருகாணியைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். இன்னொன்றைத் தட்டினார். திரும்பி வரும்போது அவர் மீசை சிரித்துக்கொண்டிருந்தது. நாளைக் காலையில் சிமிட்டி கரைக்கலாம் என்றார். இனி அளவை அடிக்கணக்கில் மட்டும் எழுதுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

மருதப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

செல்லக்கண்ணு மெல்லப் பக்கத்தில் வந்து, விழுந்து கிடந்த குடையை எடுத்துக் கபீரின் கையில் கொடுத்தார்.

“எங்களுக்கு இங்கிலீசு வெளங்காது. அவருகிட்ட என்ன சொன்னீங்க, பாய்?”

கபீர் குடையை விரிக்கவில்லை. கோபுரத்தின் நாலு காலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“நடந்துச்சுன்னு சொன்னேன்,” என்றார்.

“எந்த நடந்துச்சு?”

“நீ சொன்ன நடந்துச்சுதான். கடலைய மட்டும் சொல்லல.”